கை தூக்கியவள்

அத்தியாயம் 11

அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணனிடமே மாணவியாகச் சேர்ந்த தங்கையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கார்குழலி அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது இதுவரை நமக்கும் அவளுடைய அப்பா பலராமனுக்கும் மட்டும்தான் தெரியும்.

முப்பத்தொன்பது வயதில் பி.ஏ. படிக்கிறாள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளாக முடித்து, கடைசிப் பருவம் வரை வந்துவிட்டாள். எல்லாம் புத்தகத்தை வைத்துப் படித்த படிப்பு. வளர்பிறைப் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றுகிற வீடியோ பாடங்களால் அவளுக்குப் பயன் இல்லை. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது.

கடைசிப் பருவத்தில் பொருளியல் தாளுக்கு ஆசிரியர் யாரென்று பார்த்தபோதுதான் தலையில் கைவைத்துக்கொண்டாள். உதவிப் பேராசிரியர் தமிழ்மாறன். கூடப்பிறந்த அண்ணன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ரெட்டியார்பாளையத்தில் மனைவி வீட்டோடு குடியிருக்கிற அண்ணன், ஞாயிறு தவறாமல் அரியாங்குப்பம் வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான். சோறு போடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கார்குழலியின் ரோஷம் உங்களுக்குத் தெரியும்.

"அண்ணன் தயவுல பாஸ் பண்ணுனான்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுப்பா. பட்டம் கைக்கு வரட்டும், நானே அவன்கிட்ட காட்டுறேன்" என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த ரோஷம்தான் இந்த வாரம் அவளைக் கவிழ்த்தது.

பொருளியல் தாளுக்கு ஒரே ஒரு நேரலை வகுப்பு. ஆசிரியர் மாணவர் எண்ணைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அவர் திரையில் பெயரோ முகமோ தெரியாது, எண் மட்டும்தான். வாயைத் திறந்து பதில் சொன்னால் அக மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, அடுத்த வருஷம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று அறிவித்திருக்கிற அரசு எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க அவளுக்கு இந்த வருஷம்தான் கடைசி. அதற்கு மேல் வயது இடம் கொடுக்காது. பட்டம் இல்லாமல் அந்த வேலை இல்லை. ஆயுசுக்கும் பில் கவுண்ட்டர்தான்.

பாடங்களுக்கு சப்டைட்டில் போடுங்கள், நேரலையில் கேள்விகளை எழுதிக் காட்டுங்கள் என்று இரண்டு முறை பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, இணையவழிப் பாடங்களைப் பார்த்துக்கொள்கிற கலைவாணி அனுப்பிய பதில்: 'துறை ஆசிரியர் ஒருவரின் கருத்தின்படி சப்டைட்டில் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது.'

யார் அந்தப் புண்ணியவான் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள். நாமும் திட்டினோம்.

நேரலை நாள் வந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, செல்போனைச் சாமி மாடத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள். எதிரில் பலராமனை உட்கார வைத்தாள். அவர்தான் இன்றைக்கு அவளுக்குக் காது.

பலராமன் மில்லில் தறிக்கொட்டகையில் வேலை பார்த்தவர். அத்தனை தறியும் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் சத்தமில்லாமல் வாயைப் பெரிதாக அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள், கையையும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். மகளுக்குக் காது போனபோது அம்மா வசந்தா அழுதாள், அக்கம்பக்கம் அழுதது. பலராமன் மட்டும் மறுநாள் காலையில் மகள் எதிரே குந்தி உட்கார்ந்து, தறிக்கொட்டகையில் பேசுவது போல "பசிக்குதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் பேச்சே மாறிவிட்டது. அவள் முகத்துக்கு நேராக வராமல் யாரும் பேச மாட்டார்கள். விளக்கு போடாமல் பேச மாட்டார்கள். வசந்தா சாகிற வரைக்கும் அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுத்ததில்லை. எழுந்து வந்து, தோளைத் தொட்டு, அப்புறம்தான் பேசுவாள்.

செல்போனில் தமிழ்மாறன் தோன்றினான். மடிப்புக் கலையாத சட்டை. வணக்கம் சொன்னான், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டு பக்கம் திரும்பிவிட்டான். அதற்கப்புறம் அவன் முதுகுதான் பாடம் நடத்தியது.

"இதோ இந்தக் கோடு இருக்கு பாருங்க. இது இந்தப் பக்கம் நகர்ந்தா, இது இங்க வந்துடும்."

பலராமன் உதட்டை அசைத்தார். "இது அங்க போனா, அது இங்க வருமாம்."

"எதுப்பா?" என்று உதட்டாலேயே கேட்டாள் கார்குழலி.

"அதான் எனக்கும் தெரியல."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு இங்கிலீஷ் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன. கேட்டே பழக்கமில்லாத வார்த்தையை உதட்டில் எப்படிக் காட்டுவது? பலராமனின் வாய் பாதியில் நின்றுபோனது. சிரிப்பும் நின்றது. மகன் பேசுவது தனக்கே புரியவில்லை என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. மகள் முன்னால் அதை மறைக்கவும் வழியில்லை. அவள் படிப்பதே அவர் முகத்தைத்தானே.

"இப்ப கேள்வி. கடைசி மூணு எண், நாலு ஒண்ணு ஏழு."

பலராமன் அவள் முழங்கையைத் தட்டினார். அவள் எண்தான்.

"விலை ஏறினாலும் சில பொருளை ஜனங்க குறைக்காம வாங்குறாங்க. அப்படி ஒரு பொருள் சொல்லுங்க. காரணமும் சொல்லுங்க."

இது நல்ல தமிழ். ஒரு எழுத்து சிந்தாமல் அப்படியே மகளிடம் சேர்த்தார். அவள் முகம் மலர்ந்தது. "உப்பு" என்றாள் சத்தமில்லாமல், "மருந்து. வேற வழியில்ல, விலை என்னவானாலும் வாங்கித்தான் ஆகணும்."

சரியான பதில். அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

விரல் மைக் படத்தின் மேல் போய் நின்றது. அழுத்தி அதையே சத்தமாகச் சொல்ல வேண்டியதுதான். கார்குழலிக்குப் பேச்சு உண்டு. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காதவளின் பேச்சு அது, மேலும் கீழும் போகும். ஊரில் ஆயிரம் பேர் நடுவிலும் தமிழ்மாறன் அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிடுவான். பலராமன் பேசலாம் என்று வாயைத் திறந்தார். அவர் குரலும் அவனுக்குத் தெரியும். அவள் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

எழுதலாம் என்றால் எழுதுகிற பெட்டியை ஆசிரியர் மூடி வைத்திருந்தார். பையன்கள் அதில் கேலி செய்கிறார்களாம்.

கடைசியில் கை தூக்குகிற படத்தை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன மஞ்சள் கை தோன்றியது.

"நாலு ஒண்ணு ஏழு, கை தூக்கியிருக்கீங்க. சொல்லுங்க." கொஞ்சம் காத்திருந்தான். "சொல்லுங்க." பிறகு சலித்துக்கொண்டான். "ஊமை மாதிரி கையத் தூக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்னத்துக்கு மார்க் போடுறது? ஆப்சென்ட். அடுத்து நாலு ஒண்ணு எட்டு."

பலராமன் உதடு அசையவில்லை.

"என்னப்பா சொன்னான்?"

"அடுத்த நம்பருக்குப் போயிட்டான்" என்றார் அவர்.

பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் பொய் சொன்னதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன நாட்களில் நிறையவே சொல்லியிருக்கிறார். ஆனால் மகன் சொன்னதை மகளிடம் மறைத்தது இதுதான் முதல் முறை. அந்த மனிதர் எழுந்து கொல்லைப்பக்கம் போய், காரணமில்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

பல்கலைக்கழகத்தில், பதிவு அறையை விட்டு வெளியே வந்த தமிழ்மாறனுக்காகக் கலைவாணி காத்திருந்தாள். இணையவழிப் பாடங்களுக்குத் தொழில்நுட்பப் பொறுப்பு அவளுடையது. அதிர்ந்து பேசாதவள்.

"சார், அந்த நாலு ஒண்ணு ஏழு. ஆப்சென்ட் போட்டுட்டீங்களே."

"பேசலையேம்மா. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அவங்களுக்குக் காது கேக்காது சார். சப்டைட்டில் கேட்டு ரெண்டு தடவ மெயில் போட்டவங்க."

தமிழ்மாறனுக்குச் சுருக்கென்றது. வகுப்பில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"மீட்டிங்லயே சொன்னேனே சார். காது கேக்காதவங்க படிக்கிறாங்க, சப்டைட்டில் போட ஆள் வேணும்னு. நீங்கதான் வேணாம்னீங்க."

ஆமாம், அந்தக் கூட்டம் அவனுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதித் திருத்த வேண்டும், பாடங்களை வெளியிடுவது தள்ளிப்போகும் என்றார்கள். அவன் பாடங்கள் ஏற்கெனவே தாமதம். எழுந்து நின்று பேசினான். "என் தங்கச்சிக்கே காது கேக்காது. நாங்க பேசுறது ஒண்ணு விடாம அவளுக்குப் புரியும். முகத்தப் பாத்தே புரிஞ்சிப்பா. எல்லாம் பழக்கம்தான். இதுக்குப்போய் தனி ஆள் எதுக்கு?"

சொந்த அனுபவத்தைச் சொல்கிற மனிதனை யார் மறுத்துப் பேசுவார்கள்? அறையில் இருந்தவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். முடிவு எழுதப்பட்டது.

அன்றைக்கு அவன் பொய் சொல்லவில்லை, பாவம், நம்பித்தான் சொன்னான். முப்பது வருஷமாக ஒரு வீடே அவளுக்கு நேராகத் திரும்பி நின்று பேசியிருக்கிறது. அதில் அவனும் ஒருவன். அத்தனை பேர் எடுத்துக்கொண்ட சிரமத்தையும் அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டுவிட்டான். அதே மனிதன் போர்டைக் கண்டால் மட்டும் ஊருக்கே முதுகைக் காட்டுகிறான். இரண்டையும் சேர்த்து வைத்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவங்க பேர் என்ன?" என்று கேட்டான். மாணவர்களை எண்ணால் மட்டுமே கூப்பிடுவது அவன் வழக்கம். பேர் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டான்.

கலைவாணி கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். "கார்குழலி. அரியாங்குப்பம்."

அவன் செல்போனை வாங்கி அந்தப் பெயரைத் தானே படித்துப் பார்த்தான்.

"தெரிஞ்சவங்களா சார்?"

"என் தங்கச்சி."

கலைவாணி மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு மீட்டிங்ல சொன்னீங்களே, அந்தத் தங்கச்சியா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

"வருகைப் பதிவு நாளைக்குக் காலையிலதான் மூடும் சார். மாத்தணும்னா அதுக்குள்ள நீங்களே மாத்திடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. நடுவில் பைக்கை நிறுத்திக்கொண்டு தமிழ்மாறன் யோசித்துக்கொண்டிருந்தான். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. கோபம் தொடர்ந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவள் காலேஜ் சேருகிறேன் என்று வந்து நின்றது நினைவுக்கு வந்தது. "உனக்கு எதுக்குக் குழலி அந்தக் கஷ்டம்? நான் படிச்சு உன்னப் பாத்துக்குறேன்" என்று பாசத்தோடு சொன்னவன் அவன்தான். இப்படிச் சொன்னவனிடம் எந்தத் தங்கை வந்து, நான் படிக்கிறேன் அண்ணா என்று சொல்வாள்?

வாசலிலேயே பலராமன் நின்றிருந்தார். கிழமை மாறி மகன் வந்ததிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சிடுச்சா?"

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கணும். சத்தியம் பண்ணிட்டேன்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்த அவசியமே இல்லாத வீட்டில் தாழ்த்தினார். "காலையில நீ சொன்ன வார்த்தைய நான் அவகிட்ட சொல்லல. நீயும் சொல்லாத."

தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா அடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

கார்குழலி கூடத்தில் தரையில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். அவன் விளக்கைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கலைவாணி மேடம் சொன்னாங்களா?" என்றாள்.

"ம். ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"தப்புதான். காலையில மைக்க அழுத்தியிருந்தா மார்க் வந்திருக்கும். உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு விட்டுட்டேன். பகல் பூரா அதையேதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"அத விடு. நான் ராத்திரியே மாத்திடறேன். ஆப்சென்ட் இருக்காது. பரீட்சை எழுது."

அவன் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிம்மதிகூட அடைந்தான். தன்னால் ஆனதைச் செய்துவிட்ட நிம்மதி.

அவள் யோசித்தாள். அவளுக்கு அந்த மதிப்பெண் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவள் ஒன்றும் சாமியார் இல்லை. இத்தனை வருஷம் பில் போட்ட களைப்பு முழுக்க அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறது.

"நான்னு தெரிஞ்சதால மாத்துற" என்றாள் கடைசியில். "தெரியலன்னா?"

அவளே தொடர்ந்தாள்.

"காரைக்கால்ல ஜெஸ்டின்னு ஒரு பையன். எங்க வாட்ஸப் குரூப்ல இருந்தான். அவனுக்கும் கேக்காது. போன பருவம் இதே மாதிரி ஆப்சென்ட் போட்டாங்க. படிப்ப விட்டுட்டு இப்ப டெலிவரி வேலைக்குப் போறான். அவனுக்கு அங்க அண்ணன் யாரும் இல்ல."

"குழலி..."

"மாத்து. நான் வேணாங்கல. கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், அப்பாவக் கேளு. ஆனா நான் இதையும் அனுப்புவேன்." செல்போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒரு புகார். சப்டைட்டில் இல்லை, நேரலையில் எழுதிப் பதில் சொல்ல வழியில்லை, இதனால் படிப்பை விட்டவர்கள் உண்டு என்று நல்ல தமிழில், கோபமே இல்லாமல் எழுதியிருந்தாள். "துறையில ஒருத்தர் தேவையில்லன்னு சொன்னாராமே, அவர் பேர் வேணும். பேர் இல்லாம போட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிவிட்டுடுவாங்க. உனக்குத் தெரியாம இருக்காது. யாருண்ணா அது?"

கலைவாணி சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கும் தெரியாது. அவன் தெரியாது என்று சொல்லிவிட்டால் விஷயம் அதோடு போய்விடும். பதவி உயர்வுக்கு அவன் பெயர் போயிருக்கிற நேரம் இது. விசாரணை என்று வந்தால் அதுவும் நின்றுவிடும், வேலையிலேயே கறை விழும். தெரியாது என்பது ஒரு சின்ன வார்த்தை. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றான்.

அவள் முகம் மாறவில்லை. "மறுபடி சொல்லு."

"நான்தான் வேணாம்னு சொன்னேன். உன்னத்தான் உதாரணமா காட்டினேன். என் தங்கச்சிக்கு எல்லாம் புரியும்னு சொன்னேன். அத நம்பித்தான் நிறுத்திட்டாங்க."

"மறுபடி சொல்லு."

மூன்றாவது முறையும் சொன்னான். முதல் முறையே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு எப்போது புரியும், எப்போது புரியாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னான். சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைக்கக் கையை முகத்துக்கு நேரே கொண்டுபோனால் உதடு மறைந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டான்.

பலராமன் வாசல்படியை விட்டு உள்ளே வந்து நின்றார். "குழலி, அண்ணன்மா" என்றார்.

கார்குழலி அவரைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உன் பேர அங்க எப்படிப் போடுவாங்க? இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால" என்றான் தமிழ்மாறன்.

அவள் 'ப.' என்று அடித்தாள். பிறகு அண்ணன் பெயரை, பிறகு அவன் பதவியை. எல்லாவற்றுக்கும் மேலே, புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் அவள் பெயருக்கு முன்னாலும் அதே எழுத்துதான் இருந்தது. இரண்டும் பலராமன் கொடுத்த எழுத்து.

அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அனுப்பட்டுமாப்பா?"